முக்காட்டுக்குள் வைக்கோல்

மகனே, முதலில் சத்தியம் செய். இதை யாருக்கும் காட்டமாட்டேன் என்று சொல். உன் அப்பாவுக்குக் காட்டாதே. அவர் யார் என்று எனக்கே இன்னும் தெரியாது, தெரியாத ஆள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. உன் மனைவிக்கும் காட்டாதே. முக்கியமாக உன் பாட்டிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, காட்டவே காட்டாதே. அவளுக்கு அப்போது எத்தனை வயதாகியிருந்தாலும் சரி, கண் தெரியவில்லை என்று சொன்னாலும் சரி, நம்பாதே. தெருவின் அந்தக் கோடியில் போகிறவளின் முடி நுனி பிளந்திருப்பதை இந்தக் கோடியிலிருந்தே பார்த்துச் சொல்லும் கண் அது. படித்து முடித்ததும் கிழித்துப் போடு. கிழித்ததை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதே.

நீ இன்னும் பிறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பெற்றவள் பிள்ளைக்கு எழுதும் நீண்ட கடிதங்களை எல்லாம் நரைத்த பிறகுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. நரைப்பதற்குள் பாதி மறந்துபோகும். மறக்காத பாதியையும் மாற்றிச் சொல்லி, என் அம்மாவைப் போல நானும் "நாங்கல்லாம் உங்க வயசுல இப்பிடியா பண்ணோம்?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவேன். நாங்கள் எப்படியெல்லாம் பண்ணினோம் என்பது இன்றைக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் படி. தவிர, இந்த ஒரு வாரத்தில் எனக்கு நிறையவே வயதாகிவிட்டது.

மகள் என்று எழுதாமல் மகன் என்று எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நீ பெண்ணாகப் பிறந்தால் என் அம்மா உன் தலையையும் விளம்பரப் பலகை ஆக்கிவிடுவாள். தயவுசெய்து பையனாகவே பிற.

எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறைகள் இரண்டுதான். ஒன்று குளியலறை, அங்கே உட்கார்ந்து எழுதினால் தாள் நனைகிறது, முயன்று பார்த்துவிட்டேன். இன்னொன்று வாசல் பக்கத்து அறை, அம்மாவின் பியூட்டி பார்லர். அங்கேதான் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். லைட் போட்டால் கதவிடுக்கில் தெரியும் என்பதால் போன் டார்ச்தான். எதிரே இருக்கும் பெரிய கண்ணாடிமேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அப்பா ஏர்போர்ட் சவாரிக்குப் போயிருக்கிறார், விடிந்துதான் வருவார். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை நாற்காலி முனகும்போதும் டார்ச்சை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறேன்.

லிங்கராஜபுரத்தில் பார்லர்களுக்குப் பஞ்சமில்லை. நம்முடையது மாடிப்படி ஏறி வரவேண்டிய பார்லர். கீழே வைத்த போர்டு வெயிலில் வெளுத்து, அதிலிருக்கும் பெண்ணுக்கு முகமே போய்விட்டது. புதுசு எழுதச் சொல்லி அப்பா எத்தனை முறை சொல்லியும் அம்மா அசையவில்லை. "போர்டு எதுக்குங்க? அதான் பொண்ணு கீறாளே" என்பாள். அந்தப் பொண்ணு நான்தான். என் முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். தொங்கியது என்று எழுத வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்பு கே.ஜி.எஃப் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி வந்து இங்கே ஒரு பெரிய பார்லரில் வேலை கற்றவள். ஜன்னலோர இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாளாம், காற்றில் முடி காய்ந்துபோகும் என்று. அப்படிப்பட்டவள் வளர்த்த முடி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் எப்போதும் இரண்டாம் வரிசையில்தான் உட்காருவோம். முதல் வரிசையில் உட்கார்ந்தால் பெருமை என்பார்கள். மூன்றாம் வரிசைக்குப் போனால் பின்னால் இருந்து பார்ப்பவர்கள் குறைந்துவிடுவார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து ஜடையை எடுத்துப் பெஞ்சின் பின்பக்கம் விட்டுவிட வேண்டும். பாடல் முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு ஆன்ட்டியாவது அம்மாவின் தோளைத் தட்டி, "என்ன எண்ணெ போடுறீங்கோ?" என்று கேட்டுவிடுவாள். ஒருமுறை பின்வரிசைக் குழந்தை ஒன்று ஜடையைக் கயிறு என்று நினைத்துப் பிடித்து எழுந்து நின்றது. சபையார் எல்லோரும் ஆமென் சொன்ன இடத்தில் நான் பாதிதான் சொன்னேன்.

இவ்வளவு இருந்தும் ஏன் அதைக் கெடுத்தாய் என்று நீ கேட்பாய். என் சிநேகிதி நஸ்ரீன்தான் காரணம், அவளுக்கு அது தெரியாது. அவளுக்குத் தோள்வரைக்கும் வழவழவென்று நேரான முடி. யாராவது கூப்பிட்டால் அவள் திரும்புவாள், ஒரு நொடி கழித்து அவள் முடியும் திரும்பும். அந்த ஒரு நொடிக்குத்தான் நான் ஆசைப்பட்டேன். என் ஜடை திரும்பாது. நான்தான் கையால் பிடித்துத் திருப்ப வேண்டும், மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் திருப்புவது போல. பார்லர் அலமாரியில் முடியை நேராக்கும் கிரீம் டப்பா இருந்தது. அம்மா அதைப் போடும்போது நான் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று சீப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். போட்டுவிட்டு அம்மா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகமாட்டாள். ஒரு இழையை மட்டும் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அது தளர்ந்த உடனே வாடிக்கையாளர் போனில் பேசிக்கொண்டிருந்தால்கூட விடமாட்டாள், "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று இழுத்துக்கொண்டு போய்க் கழுவிவிடுவாள். அந்த அவசரத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். மகனே, தொழில் தெரிந்தவர்கள் எதற்கு அவசரப்படுகிறார்களோ அதைப் பார்த்துச் சிரிக்காதே.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு கல்யாண வீட்டுக்கு மெஹந்தி போடப் போயிருந்தாள். நான் தலை முழுக்கக் கிரீமைப் பூசி முடித்தேன். போன் அடித்தது, அம்மாதான். கையெல்லாம் கிரீம், எடுக்க முடியவில்லை. மறுபடியும் அடித்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அம்மா சொல்ல வந்தது இதுதான். அன்றைக்குச் சரளா ஆன்ட்டி வீட்டில் நடக்கவேண்டிய பெண்கள் ஜெபக்கூட்டம், அங்கே மோட்டார் எரிந்து தண்ணீர் வராததால், எங்கள் வீட்டுக்கு மாறிவிட்டது. போன் நின்ற கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம். ஒரு ஜோடி இல்லை, ஒரு சபையே ஏறி வரும் சத்தம். கதவை வேறு நான் தாழ் போடவில்லை. கைக்குக் கிடைத்த துப்பட்டாவை எடுத்துத் தலையில் சுற்றி நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் பாஸ்டரம்மா.

"ஸ்தோத்திரம் பாப்பா! பாத்தீங்களாமா, நம்ம வர்றதுக்கு முந்தியே முக்காடு போட்டுனு ரெடியா நிக்குது! இந்தக் காலத்துப் புள்ளைங்க எங்கமா இப்பிடி?"

ஆன்ட்டிகள் எல்லோரும் என் கன்னத்தைத் தொட்டார்கள். அம்மாவும் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து, பாய் விரிக்கச் சொல்லி, என்னைப் பாஸ்டரம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாள். பாத்ரூம் போகிறேன் என்று நான் முனகினேன். "ஜெபம் முடியட்டும், அப்புறம் போ" என்று கண்ணாலேயே சொன்னாள். பாஸ்டரம்மாவின் ஜெபம் சின்னது இல்லை, மகனே. எங்கள் தெருவில் ஆரம்பித்து, சரளா ஆன்ட்டியின் மோட்டாரைத் தொட்டு, கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் தண்ணீரில் சமாதானம் கேட்டு, பிறகு கடல் தாண்டிப் போகும். தெருவில் இருக்கும்போது தலை குறுகுறுத்தது. மோட்டாருக்கு வந்தபோது அரித்தது. மாநில எல்லையில் எரிய ஆரம்பித்தது. கடல் தாண்டியபோது என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா அழுதும்மா! ஆண்டவர் பாப்பாவைத் தொடறாரு!" என்று யாரோ சொன்னார்கள். முடியப்போன ஜெபம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. பாஸ்டரம்மா எழுந்து வந்து இரண்டு கைகளையும் என் உச்சந்தலையில் அழுத்தி வைத்தாள். மெல்லிய துப்பட்டா, கிரீம் ஊறி ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் மாறியது. "கை சுடுது! ஐயோ, என் கை சுடுதும்மா! அக்கினி! அக்கினி எறங்குது!" என்றாள். ஆன்ட்டிகள் எல்லோரும் அழ ஆரம்பித்தார்கள். அம்மாவும் அழுதாள். நானும் அழுதேன், ஆனால் எங்களில் எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும். கடவுளுக்கும் தெரியும், கிரீம் கம்பெனியின் பெயர் உட்பட.

அவர்கள் போன பிறகு குளியலறைக்குள் ஓடினேன். ஈரமாக இருந்தபோது முடி ரப்பர் போல இழுத்த இழுப்புக்கெல்லாம் நீண்டது. பரவாயில்லை, மெத்தென்று ஆகிவிட்டது என்றுகூட நினைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் வைக்கோல். நேரான வைக்கோல்கூட இல்லை, மாடு பாதி தின்றுவிட்டுப் போட்ட வைக்கோல். சீப்பை வைத்தால் நடுவில் ஒடிந்து கையோடு வந்தது. அன்றிலிருந்து முக்காட்டை எடுக்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் முக்காடு, சாப்பிடும்போதும் முக்காடு, தூங்கும்போதும் முக்காடு. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எண்ணெயை ஊற்றி இறுக்கக் கொண்டை போட்டு, வலை மாட்டி, பின்னல் போட நேரமில்லை என்று சொல்லி ஓடினேன். என்னைச் சந்தேகப்பட வேண்டிய ஆளே அம்மாதான். ஆனால் அவள்தான் முதலில் நம்பிவிட்டாள். முக்காட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண் கலங்கியது. என்னை அதட்டுவதையே நிறுத்திவிட்டாள். "ராஜாத்தி, இன்னொரு தோசை போடட்டா?" என்றாள். அடி வாங்கியிருந்தால் அதைவிட நன்றாக இருந்திருக்கும். அப்பா மட்டும் டவலால் முகத்தைத் துடைத்தபடி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ஏமே, நம்ம பொண்ணு ஊழியத்துக்குப் போயிடுவா போலகீதே" என்றார். "போனா போட்டுமே, உங்களுக்கு இன்னா?" என்றாள் அம்மா. ஏதோ கலெக்டர் வேலைக்குப் போவது போலப் பெருமையாக.

இதற்கு நடுவில் பாஸ்டரம்மா தன் கை சுட்ட கதையை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். அவளுடைய அக்கா மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். பார்லர் எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களிடம் போனில், "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி நேரா நம்ம வீட்டுக்கு வந்துடுங்கோ. என் பொண்ணு தலைய அவுத்துக் காட்றேன். அதப் பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்கோ" என்று சொல்வதை நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அக்கினி இறங்கிய தலையைப் பார்க்க அவர்களுக்கும் ஆசை. பாஸ்டரம்மா வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்துவிட்டால், அம்மாவின் பார்லரைத் தேடி சபையே மாடி ஏறும். நாளைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஒரு வாரத்துக்குள் வைக்கோலை மறுபடியும் முடியாக்க வேண்டியிருந்தது. நஸ்ரீனிடம் மட்டும் பள்ளி மாடிப்படிக்கு அடியில் கொண்டையை அவிழ்த்துக் காட்டினேன். அவள் ஒரு இழையை எடுத்து விரலில் சுற்றினாள், அது ஒடிந்தது.

"யா அல்லா! க்யா ரே இது, முடியா தொடப்பமா?"

"சிரிக்காதடி, ஏதாவது சொல்லு."

"பேஜார் ஆகாத. முட்டை போடு. எங்க பெரியம்மா மவ போட்டா, பட்டு கணக்கா ஆயிடிச்சி. நல்லா சுடுதண்ணி ஊத்திக் கழுவு, அப்பதான் நாத்தம் போவும்."

மகனே, வாழ்க்கையில் நீ எதை மறந்தாலும் இதை மறக்காதே: தலையில் முட்டை தடவினால் சுடுதண்ணீர் ஊற்றாதே. முட்டை எங்கே இருந்தாலும் முட்டைதான். சுடுதண்ணீர் பட்டதும் அது தன் வேலையைச் செய்துவிட்டது. என் தலையில் பொரியலாகிவிட்டது. வெள்ளை வெள்ளையாக இழைக்கு இழை பிடித்துக்கொண்டது. குளியலறைக் கதவுக்கு வெளியே அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "யாரு ஆம்லெட் போட்டது? எனக்கு வைக்காம தின்னுட்டீங்களா?" என்று அப்பாவோடு சண்டைக்குப் போனாள். அப்பா தான் சாப்பிடவில்லை என்று சத்தியம் பண்ணினார். அவர் சொன்ன உண்மைகளில் யாரும் நம்பாத உண்மை அதுதான்.

அடுத்து வாழைப்பழம். பிசைந்து தடவினால் வறண்ட முடி ஊறும் என்று ஒரு வீடியோவில் ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். அதை மிக்ஸியில் அடித்து வடிகட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, அல்லது நான் அதற்குள் எழுந்து போய்விட்டேன். கையால் பிசைந்த பழத்தின் நாரும் கறுப்பு விதையும் எத்தனை கழுவியும் போகவில்லை. மறுநாள் கன்னட மிஸ் என் பக்கத்தில் வந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்று, என் காதுக்கு மேலே குனிந்து பார்த்து, "அய்யய்யோ, ஏனம்மா இது, ஹேனா?" என்றார். தலையில் இருப்பது பேனா என்று கேட்கிறார். வகுப்பே பெஞ்சை இழுத்துக்கொண்டு ஒரு அடி தள்ளிப் போனது. வாழைப்பழம் என்று சொல்வதா, பேன் என்று ஒத்துக்கொள்வதா, எது குறைந்த அவமானம் என்று யோசித்தேன். பேன் என்றே சொல்லிவிட்டேன்.

நான் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான் வருகிறது. இதுவரைக்கும் என் தலை மட்டும்தான் கெட்டது. எங்கள் வீட்டில் குழாயில் வருவது போர் தண்ணீர். அது ஓடும் இடமெல்லாம் வெள்ளையாகப் படியும். குழாய், பக்கெட், மக் எல்லாமே திருநீறு பூசியது போல இருக்கும். அந்தத் தண்ணீரில் அலசினால் நல்ல முடியே விறைக்கும். அதனால் அம்மா ஒரு வழி வைத்திருக்கிறாள். காவேரித் தண்ணீர் விடும் நாளில் ஒரு நீல டிரம்மில் பிடித்து, தட்டு போட்டு மூடி, பார்லர் மூலையில் வைத்துவிடுவாள். வாடிக்கையாளர் தலையைப் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசியாக அலச மட்டும் டிரம்மிலிருந்து ஒரு மக் காவேரி. அந்த ஒரு மக்கில்தான் முடி வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆன்ட்டிகள் அம்மாவின் கைராசி என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டு மக்கை மறைத்து வைப்பாள். நான் தினமும் விடியும் முன்னே எழுந்து, அந்த டிரம்மிலிருந்து எடுத்து எடுத்து என் வைக்கோலை ஊறவைத்தேன். மட்டம் குறைந்தால் தெரிந்துவிடுமே என்று எடுத்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். வாரக் கடைசியில் அந்த டிரம்மில் காவேரி என்று சொல்ல ஒரு துளியாவது இருந்ததா என்பது சந்தேகம்.

நேற்று சரளா ஆன்ட்டி வந்து உட்கார்ந்து, கழுவி, காய்ந்த பிறகு தலையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னா இது, இந்த வாட்டி தேங்கா நாராட்டம் கீதே? வயசாயிடிச்சா எனக்கு?"

"இல்லக்கா, ஷாம்பு மாத்திட்டான் போல" என்றாள் அம்மா. அவள் முகம் சுருங்கிவிட்டது. ஆன்ட்டி போன உடனே, பார்லருக்கு ஷாம்பு சப்ளை பண்ணுகிற அண்ணனுக்குப் போன் போட்டாள். "இன்னாண்ணா, பாட்டில்ல இன்னாத்த ஊத்தி அனுப்பிச்சிகீறீங்கோ? பாத்திரம் கழுவறதா?" என்று கத்தினாள். அந்தப் பக்கம் அவர், "மேடம், ஃப்ரேசர் டவுன்லேர்ந்து பானஸ்வாடி வரைக்கும் அதே சரக்குதான் போடறேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்று கத்துவது எனக்கே கேட்டது. இன்றைக்குக் காலையில் வந்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி, "பரவால்ல விடுங்கோ" என்றாள். அதுதான் அம்மாவை அதிகம் அடித்தது. குறை சொன்னால் சண்டை போடலாம், பரவாயில்லை என்றால் என்ன செய்வது?

ராத்திரி அம்மா சாப்பிட உட்கார்ந்து, சோற்றைப் பிசையாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "கை போயிடிச்சி பாப்பா" என்றாள்.

"என்னாம்மா சொல்றே?"

"என் கையில இருந்தது போயிடிச்சி. ஷாம்பு இல்ல. பழைய பாட்டில் ஒண்ணு இருந்துச்சி, அதுலயும் கழுவிப் பாத்துட்டேன். அப்பிடியேதான் வருது. ஆண்டவரு உன் தலையில எறக்குனாரு, என் கையில இருந்தத எத்துக்குனாரு. பரவால்ல. உனக்குக் கெடச்சிதே, அது போதும்." என் முக்காட்டைத் தடவிக் கொடுத்தாள். "நாளைக்கு அந்த ஸ்டெல்லா வரும்ல, வேற பார்லர் பாத்துக்கச் சொல்லிடறேன். கல்யாணப் பொண்ணு தலைய நான் கெடுக்கக் கூடாது. உன் தலையையும் அவுக்க வேணாம். அது ஆண்டவரு தொட்ட தலை, காட்சிப் பொருளாக்கினது என் தப்பு."

மகனே, நான் தப்பித்துவிட்டேன். புரிகிறதா? ஒரு வாரம் நான் எதற்கு ஜெபித்தேனோ அது தட்டில் வைத்துக் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. நாளைக்கு யாரும் என் தலையை அவிழ்க்கமாட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். முடி மெல்ல வளரும், கெட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம், ஒருவருக்கும் தெரியாது. பாஸ்டரம்மாவின் அக்கினி அக்கினியாகவே இருக்கும். அதற்கு விலையாக அம்மா, தன் கை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மீதி நாளைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கையைக் கழுவிவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. அம்மாவும் புரண்டுகொண்டே இருந்தாள். இருட்டில் அவள் ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் எழுந்து இங்கே வந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன், எனக்குத் தெரிந்த புத்தி முடியைப் பற்றியது மட்டும்தான். அதையாவது ஒழுங்காகச் சொல்கிறேன், உன் மனைவிக்கு உதவும், நீ வழுக்கை விழாமல் இருந்தால் உனக்கும் உதவும். தலைக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. காயம் ஆறுவது போல அது தானாக ஆறாது. அம்மா எல்லா வாடிக்கையாளரிடமும் இதைச் சொல்வாள், நான் காது கொடுத்ததில்லை. கெட்டுப்போன இழையைப் புதிதாக்க எந்தப் பழத்தாலும் முடியாது. இருக்கும்வரை ஒடியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது. உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே போகவிடாமல் மூடும். நான் ஒரு வாரமாகக் காய்ந்த முடிமேல் எண்ணெயைக் கொட்டி, வறட்சியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் நல்ல தண்ணீரில் நனைக்க வேண்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே கொஞ்சமாக எண்ணெய், அதுவும் நுனிக்கு. அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து இழுத்தால் சிக்கு இறுகும், ஒடியும். போட்டதை நேரத்துக்குக் கழுவ வேண்டும். கடைசியில், எதுவரைக்கும் கெட்டதோ அதுவரைக்கும் வெட்ட வேண்டும். இந்தக் கடைசியைத்தான் யாரும் விரும்புவதில்லை. "கொஞ்சமா வெட்டுங்கோ, கொஞ்சமா" என்று அழுவார்கள். அம்மா, "கெட்டத விட்டு வச்சா மேல ஏறும்க்கா" என்பாள்.

எப்படிச் சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கிரீமிலிருந்து ஆரம்பித்தால் அவள் கை ஓங்கிவிடுவாள், டிரம் வரைக்கும் போகவே முடியாது. அதனால் டிரம்மிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அம்மா, உன் கை போகலை, டிரம்ல இருக்கிறது காவேரி இல்ல" என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவள் எவ்வளவு அடித்தாலும் பரவாயில்லை, அந்த அடியிலேயே கை திரும்பி வந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். பாஸ்டரம்மாவிடம் என்ன சொல்வது என்பதை அம்மா பார்த்துக்கொள்வாள். கை சுட்டது பொய் இல்லையே. ஸ்டெல்லா வந்து என் தலையைப் பார்த்து ஓடினால் ஓடட்டும். ஓடாமலும் இருக்கலாம். இவ்வளவு கெட்ட தலையை அம்மா எப்படிச் சரிசெய்கிறாள் என்று உட்கார்ந்து பார்த்தால், அதைவிட நல்ல போர்டு எது? இதை நினைக்கும்போது கொஞ்சம் தைரியம் வருகிறது. விடிந்ததும், காபிக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். காபி குடித்த பிறகு என்றால் நான் நாளைத் தள்ளிக்கொண்டே போவேன், என்னை எனக்குத் தெரியும். அப்பா வருவதற்குள் சொல்லிவிட்டால் அடி ஒரே ஆளிடமிருந்து

மகனே, கதவைத் தட்டும் சத்தம்.

அம்மாதான். "பாப்பா, தனியா ஜெபம் பண்ணினு கீறியா? நானும் வரட்டா? எனக்கும் தூக்கம் வரல" என்கிறாள். மெதுவாகத்தான் கேட்கிறாள், என்னைத் தொந்தரவு செய்துவிடக் கூடாதே என்று. காபி வரைக்கும் காத்திருக்க முடியாது. முக்காட்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டேன். டார்ச் வெளிச்சத்தில் அவளுக்குச் சரியாகத் தெரியாது, பெரிய லைட்டையே போட்டுவிட்டுக் கதவைத்